கொதித்த பின் இருபது நிமிடம்

அந்தக் காலை முழுவதும் நான் ஓர் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானிலிருந்து ஆறாங்கட்டையில், அதாவது ஆறாவது மைலில், இருந்த ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. அதன் கீழே மூன்று கல் கூட்டிய அடுப்பு. அடுப்பின் மேல், இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்பு அண்டா. எனக்கு உட்கார ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இடது கையில் திறந்த கடிகாரம், வலது கையில் பென்சில், முழங்கால் மேல் நோட்டு.

அடுப்புக்கு அந்தப் பக்கம் அஞ்சலை குந்தியிருந்தாள். அந்தத் தோட்டத்தில் குடிதண்ணீர் காய்ச்சுவது அவள் வேலை. முப்பது வயது இருக்கும். நான் தண்ணீரைப் பார்க்க வரவில்லை, அவளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"கிராணியாரே, அண்டா எங்கயும் ஓடிப் போயிடாது. செத்த நேரம் கண்ணை இமைச்சுக்கங்க."

நான் சிரிக்கவில்லை. "7.05. ஓரத்தில் சிறு குமிழ்" என்று எழுதினேன்.

லயத்தில் வாந்திபேதி நின்றபாடில்லை. அஞ்சலை தண்ணீரைச் சரியாகக் காய்ச்சுவதில்லை, அரைச் சூட்டில் இறக்கிவிடுகிறாள் என்று கங்காணி புகார் செய்திருந்தார். சுகாதார ஆபீசிலிருந்து, அங்கே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த என்னை அனுப்பினார்கள். புகார் உண்மை என்று நான் எழுதினால் சனிக்கிழமை ஆள் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் லயத்து அறையும் அன்றைக்கே போய்விடும். அவள் புருஷன் அதே நோயில் விழுந்து, எப்படியோ பிழைத்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.

இது எந்த ஆண்டு என்று கேட்கக்கூடாது. தேதி என் நோட்டில் இருக்கிறது. அந்தத் தோட்டத்து ஆட்கள் சிலர் இன்றும் இருப்பதால் இங்கே எழுதவில்லை.

அப்பாவின் கண்ணாடிக் குழாய்

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அப்பா ரயிலில் பயர்மேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் பேய்க்குப் பயந்தவர் யாரும் இல்லை. பாயிலருக்குத்தான் எல்லாரும் பயந்தோம்.

இஞ்சினின் உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். நிலக்கரி அள்ளிப் போடும்போதும் அப்பாவின் ஒரு கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். மட்டம் இறங்குவது தெரியாமல் போனால் பாயிலர் வெடிக்கும். பல ஆண்டு அப்படிப் பார்த்துப் பழகியதில் வீட்டிலும் அவரால் சும்மா உட்கார முடியாது. சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும் செம்பைச் சாய்த்துப் பார்ப்பார். குடிக்கமாட்டார். எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கண்தான். ஆபீசில் எல்லாரும் என்னை ஒழுங்கானவன் என்பார்கள். உள்ளே இருந்ததெல்லாம் பயம்.

டாக்டர் துரையின் அகராதி

நோய் தொடங்கியதும் எங்கள் ஆபீசின் வெள்ளைக்கார டாக்டர் துரை ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் எழுதினார். குடிக்கும் தண்ணீரையெல்லாம் 'பாயில்' செய்யவேண்டும் என்று ஒரே வரி. அதைத் தமிழில் எழுதும் வேலை என்னுடையது.

ஒரு வரிதானே என்று உட்கார்ந்தவன் அரை நாள் உட்கார்ந்தேன். இங்கிலீஷ்காரருக்கு முட்டையும் பாயில், கிழங்கும் பாயில், தண்ணீரும் பாயில், பாலும் பாயில். கோபம் வந்தால் இரத்தம்கூடப் பாயில். நமக்கோ முட்டையை அவிக்க வேண்டும், கிழங்கை வேகவைக்க வேண்டும், பாலைக் காய்ச்ச வேண்டும், உலையைக் கொதிக்கவைக்க வேண்டும். வெந்நீர் போடுவது வேறு. கஷாயம் வைப்பது வேறு.

காய்ச்சிக் குடி என்று மட்டும் எழுதினால், கை பொறுக்கும் சூட்டிலேயே இறக்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. டாக்டர் துரையிடமே போய், அந்தச் சொல் சரியாக எந்த நிலையைக் குறிக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து தலையணை மாதிரி ஓர் அகராதியை எடுத்துக் கொடுத்தார்.

அந்தச் சொல் இங்கிலீஷ்காரர் வீட்டில் பிறந்ததல்ல என்று அதில் போட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் வழியாக வந்ததாம். அதற்கும் முன்னே, லத்தீன் மொழியில் குமிழிக்கு இருந்த பெயரிலிருந்து கிளைத்ததாம். அதே குமிழிதான் உருண்டையான முத்திரைக்குப் பெயராகி, முத்திரை வைத்த தாளுக்குப் பெயராகி, கடைசியில் கடைக்காரர் நீட்டும் பில்லுக்கும் பெயரானது என்று இன்னோர் இடத்தில் இருந்தது. உடம்பில் வரும் கட்டிக்கும் அதே எழுத்துகளில் ஒரு பெயர் உண்டு. ஆனால் அது அவர்களுடைய சொந்தப் பழஞ்சொல். இரண்டுக்கும் உறவு கிடையாது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: குமிழி. குமிழி வந்தால்தான் அந்தச் சொல் நிறைவேறுகிறது. ஆகவே இப்படி எழுதினேன்: 'பெரிய குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்த பின் இருபது நிமிடம் அடுப்பில் வைத்த தண்ணீரையே குடிக்கவேண்டும்.'

அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்கு அப்போது இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எல்லார் முன்னிலையிலும்

நோட்டீசை ஒட்டினால் போதாது, நேரில் போய்ச் செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. இந்த விசாரணைக்குப் பதினோரு நாள் முன்பு அதே அண்டா முன்னால் நின்று செய்து காட்டினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து வந்த ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். காய்ச்சின தண்ணீரைச் சீக்காளிதான் குடிப்பான், சப்பென்று இருக்கும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பேச்சை அடக்க, அஞ்சலையிடம் ஒரு குவளை வாங்கி எல்லார் முன்னிலையிலும் குடித்துக் காட்டினேன். ஆட்கள் சிரித்தார்கள். கை தட்டினார்கள். நல்லபடியாக முடிந்தது என்று திரும்பினேன்.

அதற்குப் பிறகும் நோய் நிற்கவில்லை. கூடியது. ஒருவர் இறந்தார். ஆகவே காய்ச்சுகிறவள் ஏமாற்றுகிறாள் என்று கங்காணி சொன்னதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. நோட்டீசில் தப்பில்லை. அப்படியானால் தப்பு வேறு எங்கேயோதானே இருக்க வேண்டும்?

மூன்று சிராய்

அண்டாவுக்குத் திரும்புகிறேன். மணி ஏழு இருபதுக்குத் தண்ணீர் தளதளத்தது. அஞ்சலை எழுந்து, பக்கத்தில் அடுக்கியிருந்த ரப்பர் விறகுச் சிராய்களில் ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடிந்ததும் இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம்.

"எதுக்கு இப்படி ஒண்ணொண்ணா வைக்கிறே?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட கடியாரம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அன்னைக்கு நீங்க கடியாரத்தைப் பாத்து இறக்கச் சொன்னப்போ இந்த அளவுல மூணு எரிஞ்சிருந்துச்சு. அதான் தினமும் மூணு."

மூன்றாவது சிராய் சாம்பலானபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

"ரெண்டு நிமிஷம் கூடுதல்," என்றேன்.

"இருக்கட்டும். கொறைஞ்சாத்தானே பேரை வெட்டுவாங்க?"

நோட்டில் எழுதினேன். பென்சில் முனை உடைந்தது. அவள் ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் சரி, விறகு சரி, நேரம் சரி என்றால் நோய் எந்த வழியாக உள்ளே போகிறது?

அப்பாவின் கண்ணாடிக் குழாய் நினைவுக்கு வந்தது. மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, குழாய் எங்கே என்று தெரியவில்லை.

மழை

எழுந்து தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போயிருப்பேன். மழை பிடித்துவிட்டது. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. மரத்தில் கட்டிய மங்குகளில் மழைத் தண்ணீர் விழுந்து ரப்பர் பால் கெட்டதால் ஆட்கள் வழக்கத்துக்கு முன்பாகவே காட்டிலிருந்து திரும்பினார்கள். நனைந்த சேலையும் சாக்குமாக, தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அண்டா இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

முதலில் நின்ற பெண் கயிறு கட்டிய பால் டின்னை நீட்டினாள். அஞ்சலை அகப்பையால் பாதி டின் வெந்நீர் ஊற்றினாள். பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், சுவரோரம் இருந்த சிமெண்டுத் தொட்டியிலிருந்து ஒரு சிரட்டை பச்சைத் தண்ணீர் மொண்டு மேலே ஊற்றினாள். சுண்டு விரலை விட்டுச் சூடு பார்த்தாள். கொடுத்தாள்.

தொட்டிக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து வருகிறது.

"குடிக்காதே!" என்று நான் கத்தியதில் அந்தப் பெண் டின்னைக் கீழே போட்டுவிட்டாள்.

"அஞ்சலை, என்ன ஊத்துனே?"

"விளாவுற தண்ணி, கிராணியாரே. கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா வாய் வெந்துபோயிடுமே."

"காய்ச்சின தண்ணி மட்டுந்தான் குடுக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. சொல்லிட்டு நீங்க எப்படிக் குடிச்சீங்க?"

குடை பிடித்துக்கொண்டு கங்காணி வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "பாத்தீங்கள்ல? நான் சொன்னப்போ யாரு கேட்டா? அவ கையாலயே பச்சத் தண்ணியை ஊத்துறா. கண்ணால பாத்ததை அப்படியே எழுதுங்க."

டின்னைப் போட்ட பெண் விடவில்லை. "என்னா எழுதுறது? அன்னைக்கு இவரு பாதிக்குப் பாதி விளாவி வாங்கிக் குடிச்சாரு. அதான் ஆபீசு முறைன்னு நாங்களும் பாதிக்குப் பாதி குடிக்கிறோம். கங்காணியாரே, நேத்து நீங்களும் அப்படித்தானே வாங்கிக் குடிச்சீங்க?"

கங்காணியின் கை மெல்ல வயிற்றுக்குப் போனது. குடை சாய்ந்து மழை அவர் தோளில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

தொட்டியை உடனே காலி செய்து அங்கிருந்தே அகற்றச் சொன்னேன். அண்டாத் தண்ணீரைத் தாம்பாளத்தால் மூடி, ஆறும் வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நான் விளாவிக் குடித்தேனா? எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

எப்படி நினைவிருக்கும்? குளிக்கும் வெந்நீரை விளாவித்தான் குளிக்கிறோம். குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரை விளாவித்தான் கொடுக்கிறோம். கை தானாகப் போய்ச் செம்பை எடுக்கிறது, விரல் தானாகச் சூடு பார்க்கிறது. அதை ஒரு வேலை என்றே நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அகராதியில் குமிழி வரைக்கும் ஓடிப் பார்த்த நான், குமிழி அடங்கிய பிறகு தமிழன் கை என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

எழுபத்து மூன்றாம் பக்கம்

மாலை கிள்ளான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுத்தேன். எழுபத்து மூன்றாம் பக்கம். என் கையெழுத்து, தெளிவாக:

'எல்லார் முன்னிலையிலும் ஒரு குவளை குடித்தேன். சூடு அதிகம். விளாவிக் கொடுக்கச் சொன்னேன். ஆட்களுக்கு நம்பிக்கை வந்தது.'

அதற்கடுத்த பக்கங்களையும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆறு நாள் கழித்து, புதிதாக நோயில் விழுந்தவர்களில் ஒரு பெயர் இருந்தது. அஞ்சலையின் புருஷன்.

அவள் கையாலேயே விளாவிக் கொடுத்திருப்பாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி.

என் மனைவி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது என்பதையும் அவளே நினைவு வைத்திருந்தாள்.

"பயமா இருந்தா அந்த ரெண்டு வரியைக் கிழிச்சுப் போடுங்க. நோட்டு அழவா போகுது?" என்றாள்.

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கேன்."

"நம்பருக்காகத்தான் யோசிக்கிறீங்களா?"

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் நல்ல ரிப்போர்ட்தான் அது. காய்ச்சும் முறையில் குறையில்லை, ஆனால் பச்சைத் தண்ணீரைக் கலந்து குடிக்கும் வழக்கம் தொழிலாளரிடம் இருக்கிறது, அஞ்சலை என்ற பெண்ணே கலந்து கொடுக்கிறாள் என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"தமிழ்ல சொல்லுங்க, கேக்குறேன்," என்றாள். சொன்னேன். எண்ணெய்ப் புட்டியை மூடிவிட்டுக் கேட்டாள்: "அஞ்சலைன்னு பேர் வருது. உங்க பேர் எங்க வருது?"

பேனாவைக் கீழே வைத்தேன். கொல்லையில் யாரோ வாளியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

இன்னொரு தாள் எடுத்தேன்.

டாக்டர் துரை

மறுநாள் காலை அவர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எழுபத்து மூன்றாம் பக்கத்தையும் மொழிபெயர்த்து இணைத்திருந்தேன்.

"இதை நீ எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது," என்றார்.

"தெரியும், சார்."

"அந்தத் தோட்டத்தில் ஓர் ஆள் இறந்தது இதனால்தானா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"எனக்கும் சொல்லத் தெரியாது. உனக்கும் தெரியப் போவதில்லை," என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, கண்டிப்பாகச் சொன்னாரா என்று இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு தன்னுடைய பழைய ஆங்கில நோட்டீசை இழுத்து, அந்த ஒரே வரிக்குக் கீழே பென்சிலால் இன்னொரு வரி எழுதினார். மூடிவைத்து ஆறவிட வேண்டும், வேறு எதையும் சேர்க்கக்கூடாது. மத்தியானத்துக்குள் தமிழில் வேண்டும் என்றார். தோட்டத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். அஞ்சலையின் பேரை வெட்டக்கூடாது என்றும், தவறு சுகாதார ஆபீசுடையது என்றும் அதில் இருந்தது. என் பேருக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறியது. வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது.

"செய்து காட்டிக் கெடுத்தவன் நீ. நீயே போய்ச் செய்து காட்டு," என்றார்.

இரண்டாம் குவளை

திங்கட்கிழமை அதே தகரக் கூரை. அதே ஆட்கள். சிமெண்டுத் தொட்டி இருந்த இடத்தில் ஈரத் தடம் மட்டும் இருந்தது. கங்காணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலு நாளாகக் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில், கம்பளி போர்த்தி, ஒரு கம்பை ஊன்றி, அஞ்சலையின் புருஷன் நின்றான். அவனை நேராகப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்றைக்கு நான் விளாவிக் குடித்தது தப்பு. என்னைப் பார்த்து நீங்கள் செய்தது உங்கள் தப்பில்லை. என் வாயில் வந்தது இவ்வளவுதான். ஒருவரும் கை தட்டவில்லை.

மூன்று சிராய் எரிந்து முடிந்தது. அஞ்சலை ஒரு தகரக் குவளை நிறைய மொண்டு என்னிடம் நீட்டினாள். பிடிக்க முடியவில்லை. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தேன். வாய்க்குக் கிட்டே கொண்டு போனேன். மீசை வெந்துவிடும் போலிருந்தது. எல்லாருடைய கண்ணும் குவளையின் மேல்.

எதையாவது செய்யவேண்டும் என்ற பதற்றத்தில் உதட்டைக் குவித்தேன்.

"ஊதாதீங்க, கிராணியாரே!" என்றாள் அஞ்சலை. "நாளைக்கு இத்தனை பேரும் ஊதிட்டு நிப்பாங்க."

கம்பை ஊன்றி நின்றவன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் போய் அவன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் இன்னும் குவளையோடு நின்றிருந்தேன்.

"ஆறட்டும். நாங்க நிக்கிறோம்," என்றாள்.

குவளைக்கு ஒரு மூடி போட்டாள். கடிகாரம் பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்க்க எனக்குக் கை ஒழியவில்லை. பால்மரத்து இலைகளிலிருந்து சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தண்ணீர் ஆறும் வரைக்கும் ஒருவரும் நகரவில்லை.